தென்னாற்காட்டு விஜயராகவன்: முழு எண்ணை நெருங்கும் எண்கள்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் மரக்காணத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பேசிட்டு இருக்கேன். நடுநடுவே லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில உப்பு ஏத்திட்டுப் போற வண்டிங்க. எதிர்ல பாத்தா பாத்தி பாத்தியா அளம், அதுக்கு அந்தாண்ட கழுவெளி. கீத்து போட்டு மூடின அம்பாரம் நாலஞ்சு தெரியுது.

போன வாரம் ராமானுஜனைப் பத்திப் பேசலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பேசலாம். ஆனா ராமானுஜனைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. இன்னைக்கு வேற ஒருத்தர். இவரைப் பத்தி நான் தேட ஆரம்பிச்சதுக்கே ஒரு பொண்ணுதான் காரணம். அதை முதல்ல சொல்லிடறேன்.

சாயங்காலம் எங்க வீட்ல டியூஷன் எடுக்கறேன்னு உங்களுக்குத் தெரியும். அதுல பி.எஸ்.சி. கணிதம் ரெண்டாம் வருஷம் படிக்கற ஒரு பொண்ணு வருது. பேர் வேண்டாம். அம்மா அளத்துல உப்பு வார்ற வேலை. அப்பா தண்ணி பாய்ச்சுறவர். பொண்ணுக்கு ரெண்டு பேப்பர் அரியர். ஒரு நாள் வந்து, "சார், நான் டியூஷனை நிறுத்திக்கறேன். வீட்ல செங்கல்பட்டு பக்கம் கம்பெனி வேலைக்குப் போகச் சொல்றாங்க"ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு, போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்குன்னு நோட்டைத் திறந்துச்சு.

ராமானுஜன் 1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தோட இதழ்ல ஒரு கேள்வி போட்டார். ஒரு வர்க்கமூலம், அதுக்குள்ள ஒண்ணு கூட்டல் ரெண்டு பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம், அதுக்குள்ள ஒண்ணு கூட்டல் மூணு பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம், இப்படி முடிவே இல்லாம போயிட்டே இருக்கும். அதோட மதிப்பு என்ன? யாரும் பதில் அனுப்பலை. கடைசியில அவரே சொன்னார்: 3. இது நிறைய புத்தகத்துல வரும். பொண்ணு இதைப் படிச்சிருக்கு. படிச்சுட்டு எண்ணை மாத்திப் பாத்திருக்கு. ஒண்ணு கூட்டல் மூலம், அதுக்குள்ள ரெண்டு கூட்டல் மூலம், அதுக்குள்ள மூணு கூட்டல் மூலம். கால்குலேட்டர்ல போட்டா 1.7579-ல வந்து நிக்குது. உள்ளே 1, 10, 100, 1000-ன்னு போட்டும் பாத்திருக்கு. அப்பவும் நிக்குது. அப்புறம் என்னைக் கேட்டுச்சு: "சார், உள்ள போடுற எண்ணை எவ்வளவு வேகமா பெருசாக்கினா இது தாங்காம உடையும்?"

இருபது வருஷமா கணக்கு சொல்லித் தர்றேன். எனக்கு பதில் தெரியலை. தெரியலைன்னு சொன்னேன். ரெண்டு வாரம் டைம் கொடும்மா, அதுவரைக்கும் நிறுத்தாதேன்னு சொன்னேன்.

தேடினா பதில் கிடைச்சுது. எங்கேன்னா, ராமானுஜன் ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் சேர்த்து 1927-ல் ஹார்டி, சேஷு ஐயர், வில்சன் மூணு பேரும் பதிப்பிச்ச தொகுப்பு இருக்கே, அதோட பின்னிணைப்புல. சின்னக் குறிப்புதான். எழுதினவர் பேர் டி. விஜயராகவன். திருக்கண்ணபுரம் விஜயராகவன். யாருடா இதுன்னு பாத்தா, 1902 நவம்பர் 30-ல் பிறந்தவர், ஊர் தென்னாற்காடு மாவட்டம் அடூர் அகரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இளசுகளுக்குத் தெரியாது, 1993-ல் விழுப்புரம், கடலூர்னு பிரிக்கறதுக்கு முன்னாடி எங்க மரக்காணமும் தென்னாற்காடுதான். எங்க மாவட்டத்து மனுஷர், எங்க டியூஷன் பொண்ணு கேட்ட கேள்விக்கு தொண்ணூத்தஞ்சு வருஷத்துக்கு மேல முன்னாடியே பதில் எழுதி வெச்சிருக்கார். கணக்கு வாத்தியாரான எனக்கு அவர் பேர் கூடத் தெரியலை.

பதிலைச் சொல்லிடறேன், ரொம்ப அழகு. 4, 16, 256, 65536 - ஒவ்வொண்ணும் முந்தினதோட வர்க்கம். இதை அடுக்கி மூலத்துக்குள்ள போடுங்க. என்ன பயங்கரமா வளருது! ஆனா தாங்கும். ஏன்னா முதல் எண்ணுக்கு மேல ஒரு மூலக்குறி, ரெண்டாவதுக்கு மேல ரெண்டு, மூணாவதுக்கு மேல மூணு. எல்லா மூலத்தையும் தாண்டி வெளியே வரும்போது ஒவ்வொண்ணும் வெறும் 2-ஆ சுருங்கிடுது. ஆகவே அந்த 2-ஐ பொதுவா வெளியே எடுத்துட்டா உள்ளே மிச்சம் 1, 1, 1, 1. வெறும் ஒண்ணா அடுக்கின மூலத்தோட மதிப்பு 1.618, அதாவது பொன்விகிதம். ஆக மொத்த மதிப்பு 3.236. எந்த எண்ணுல ஆரம்பிச்சாலும் சரி, இப்படி வர்க்கம் வர்க்கமா வளர்ற வேகத்துக்குள்ள இருந்தா அது நிக்கும். அதைத் தாண்டினா, உதாரணமா ஒவ்வொரு தடவையும் கனம் ஆக்கிட்டே போனா, உடைஞ்சிரும். எதிர்ம எண் வராத வரைக்கும் இதுதான் சரியான எல்லை. ஒரு பக்கக் கணக்கு. இதை எழுதினப்போ அவருக்கு இருபத்து நாலு, இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது.

சரி, ஆள் யாரு?

தமிழும் சமஸ்கிருதமும் ஊறின வைணவக் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில கணிதம் படிக்க வர்றார். அங்கே பேராசிரியர் ஆனந்த ராவ். இந்த ஆனந்த ராவைப் பத்தி ஒரு தனி எபிசோடே போடணும். கேம்பிரிட்ஜ்ல ஹார்டிகிட்ட படிச்சவர், ராமானுஜன் அங்கே இருந்த அதே காலத்துல இருந்தவர், 1919-ல் திரும்பி வந்து மாநிலக் கல்லூரியில சேர்ந்தார். விஜயராகவன், எஸ்.எஸ். பிள்ளை, மீனாட்சிசுந்தரம், சந்திரசேகரன், சி.டி. ராஜகோபால்னு அந்தத் தலைமுறையோட பெரிய பேருங்க எல்லாம் அவர் கையில படிச்சவங்கதான்.

விஜயராகவன் பாடத்திட்டத்தை ஒழுங்காப் படிக்கற ஜாதி இல்லை. ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு அதுலயே மூழ்கிட்டார். பரீட்சையில சோபிக்கலை. நம்ம ஊர் கணக்குப்படி அங்கேயே கதை முடிஞ்சிருக்கணும். மார்க் ஷீட்டைப் பாக்காம நோட்டைப் பாத்த வாத்தியார் ஒருத்தர் இருந்ததால முடியலை. வேலையெல்லாம் ஹார்டிக்குப் போச்சு. ஹார்டி அப்போ கேம்பிரிட்ஜ்ல இல்லை, ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறியிருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தோட உதவித்தொகையில 1925-ல் விஜயராகவன் ஆக்ஸ்ஃபோர்டு போறார். ராமானுஜன் இறந்து அஞ்சே வருஷம் ஆகியிருந்தது.

இங்கே ஒண்ணு சொல்லணும், இல்லேன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆகிடும். பரீட்சையில கோட்டை விட்டாலும் அவருக்குப் பின்னாடி ஒரு படிச்ச குடும்பம் இருந்தது, அக்ரஹாரத்துப் பழக்கம் இருந்தது, மாநிலக் கல்லூரி வாசல் தெரிஞ்சிருந்தது. 1920-ல் இந்த மரக்காணத்து அளத்துல உப்பு வாரின ஒருத்தர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் எந்தப் பக்கம்னே தெரியாது. எங்க ஆயா கைநாட்டு. அதனால "பாரு, அவரும் பெயில் மாதிரிதான், ஜெயிச்சிட்டார்"னு இந்தக் கதையை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அது ஏமாத்து.

ஆக்ஸ்ஃபோர்டுல அவர் செஞ்சது பெரும்பாலும் தொடர்களோட கூட்டுத்தொகை பத்தின வேலை, டாபேரியன் தேற்றங்கள்னு சொல்வாங்க. லண்டன் கணிதச் சங்கத்து இதழ்கள்ல 1926, 1928-ல் வந்த கட்டுரைகள். அதுக்குள்ள நான் போகலை, குரல்ல சொல்லிப் புரியவைக்க எனக்குத் திறமை போதாது.

ஊர் திரும்பினாரா, 1930-ல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம். இது சினிமா மாதிரியான இடம். அங்கே கணிதப் பேராசிரியரா வந்து சேர்ந்தவர் ஆந்த்ரே வெய். பாரிஸ்காரர். வயசு இருபத்து மூணு! பின்னாடி இருபதாம் நூற்றாண்டோட மிகப் பெரிய கணிதர்கள்ல ஒருத்தரா ஆனவர். துணைவேந்தர் ராஸ் மசூத், சர் சையது அகமது கானோட பேரன், அவர்தான் வெய்யைக் கூட்டிட்டு வந்தார். துறையைப் புதுசாக் கட்டணும்னு வெய்க்கு ஆசை. பட்டத்தைப் பாக்காம வேலையைப் பாத்து விஜயராகவனை எடுத்தார். குடுமி வெச்ச வைணவரும் பாரிஸ் யூதரும் அலிகார்ல கூட்டாளி ஆயிட்டாங்க. வெய் தன் சுயசரிதையில இவரை ரொம்பப் பிரியமா நினைவு கூர்றார்.

ரெண்டு வருஷம் கூட ஓடலை. நிர்வாகத்துக்கும் வெய்க்கும் ஒத்துவரலை, வெய்யை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அவர் இருந்த இடத்துல உட்காரச் சொல்லி விஜயராகவனுக்கு அழைப்பு. அவர் உட்காரலை. வேலையையே விட்டுட்டு டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போயிட்டார். பேராசிரியரா இல்லை, ரீடரா. 1931. உலகப் பொருளாதார மந்தம், எங்கேயும் வேலை கிடைக்காத வருஷம்ங்கறதை மனசுல வெச்சுக்குங்க. அவர் என்ன யோசிச்சார்னு எனக்குத் தெரியாது. செஞ்சது இதுதான். இதை நான் ரெண்டு மூணு நாள் நினைச்சிட்டே இருந்தேன். நான் வேலை பாத்த ஒரு தனியார் கல்லூரியில, சம்பள பாக்கி கேட்டார்னு ஒரு சாரை அனுப்பிட்டு, அவர் வகுப்பை என்னை எடுக்கச் சொன்னாங்க. நான் எடுத்தேன். எனக்கு அப்போ பொண்ணு பிறந்து மூணு மாசம். ஏதோ சொல்லத் தோணுச்சு, சொல்லிட்டேன்.

டாக்காவுல பதினஞ்சு வருஷம், 1946 வரைக்கும். அவரோட நல்ல வேலை எல்லாம் அங்கேதான்.

முதல்ல போரெல் விஷயம். எமில் போரெல், பிரெஞ்சுக் கணிதத்துல பெரும்புள்ளி. வகைக்கெழுச் சமன்பாடுகளோட தீர்வுகள் எவ்வளவு வேகமா வளர முடியும்ங்கற கேள்வியில, அதுக்கு ஒரு உச்சவரம்பு உண்டுன்னு அவர் கருதினார். முதல் வரிசைச் சமன்பாட்டுக்கு அது சரி. ரெண்டாம் வரிசைக்குச் சரியில்லை, எந்த வரம்பைச் சொன்னாலும் அதைத் தாண்டி வளர்ற தீர்வு இருக்குன்னு 1932-ல் விஜயராகவன் காட்டிட்டார். அதுவும் பிரெஞ்சுலயே எழுதி, பாரிஸ் அறிவியல் கழகத்து இதழ்லயே. 1937-ல் அதுக்கு எளிமையான ஒரு உதாரணம் சொல்லி மூணு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை: பாசு, போஸ், விஜயராகவன். அந்த போஸ் யாரு? சத்யேந்திரநாத் போஸ்தான். ஐன்ஸ்டீன் பேரோட சேத்துச் சொல்றோமே, போசான்னு துகளுக்கே பேர் வெச்சிருக்காங்களே, அவரே. டாக்காவுல பக்கத்து டிபார்ட்மெண்ட்.

இப்போ முக்கியமான சமாச்சாரம். போனை எடுங்க, கால்குலேட்டரைத் திறங்க. வண்டி ஓட்டிட்டு இருக்கறவங்க அப்புறமா செய்ங்க.

1.618034 போடுங்க. அதே எண்ணால பெருக்கிட்டே வாங்க. 2.618, 4.236, 6.854, 11.090, 17.944, 29.034, 46.979, 76.013, 122.992. என்ன தெரியுது? போகப்போக முழு எண்ணை நெருங்குது. 47-க்குக் கொஞ்சம் கீழ, 76-க்குத் துளி மேல, 123-க்குத் துளி கீழ. இன்னும் போனா இன்னும் ஒட்டிக்கும்.

சரி, 1.5 போடுங்க. 2.25, 3.375, 5.0625, 7.59, 11.39, 17.09, 25.63, 38.44. தசமப் பகுதியைப் பாருங்க: எந்த ஒழுங்கும் இல்லை, கண்டபடி ஓடுது.

ஏன் இந்த வித்தியாசம்? 1.618-க்கு ஒரு கூடப்பிறந்த எண் இருக்கு: மைனஸ் 0.618. ரெண்டும் ஒரே சமன்பாட்டோட பிள்ளைங்க. ரெண்டையும் ஒரே அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினா எப்பவும் முழு எண்தான் வரும்: 1, 3, 4, 7, 11, 18, 29, 47, 76, 123, முந்தின ரெண்டைக் கூட்டினா அடுத்தது. ஆனா கூடப்பிறந்தது ஒண்ணை விடச் சின்னது. பெருக்கப் பெருக்க அது தேய்ஞ்சு ஒண்ணுமில்லாம போயிடுது. மிச்சம் நிக்கற பெரியது தானா முழு எண்ணை ஒட்டிக்குது. அவ்வளவுதான் ரகசியம். இப்படி, முழு எண் கெழுக்கள் இருக்கிற, முதல் கெழு ஒண்ணா இருக்கிற சமன்பாட்டுல பிறந்து, தான் ஒண்ணை விடப் பெருசா இருந்து, கூடப்பிறந்தது அத்தனையும் அளவுல ஒண்ணை விடச் சின்னதா இருக்கிற எண்ணுக்குப் பேர் பிசோ–விஜயராகவன் எண். சுருக்கமா பி.வி. எண்.

நார்வேக்காரர் தூ 1912-லயும் ஹார்டி 1919-லயும் இதைத் தொட்டிருக்காங்க. பிரான்ஸ்ல ஷார்ல் பிசோ 1938-ல் தன் ஆய்வேட்டுல ஆழமாப் போனார். டாக்காவுல விஜயராகவன் தனியா அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார், 1940-லேர்ந்து 'ஒரு எண்ணின் அடுக்குகளின் பின்னப் பகுதிகள்' பத்தி வரிசையா நாலு கட்டுரை. வெளியில உலகப் போர். 1943-ல் வங்காளப் பஞ்சம், லட்சக்கணக்கான ஜனம் செத்துது. அந்த வங்காளத்துக்குள்ள உட்கார்ந்துதான் இந்த வேலை.

1.5 மாதிரி, முழு எண் இல்லாத பின்னத்தோட அடுக்குகளை எடுத்தா, தசமப் பகுதி குவியற இடங்கள் எண்ணிக்கையில முடிவில்லாதவைன்னு நிரூபிச்சார். ஆனா அது எல்லா இடத்துலயும் பரவுதான்னு கேட்டா, இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஒண்ணரையை ஒண்ணரையால பெருக்கறது, எட்டாங்கிளாஸ் பையன் செய்ற கணக்கு! இதே ஒண்ணரையோட தசமப் பகுதி இன்னொரு இடத்துலயும் குறுக்க வரும்: எஸ்.எஸ். பிள்ளை தீர்த்துப் புகழ்பெற்ற வாரிங் கணக்கு. அவரும் ஆனந்த ராவ் மாணவர்னு சொன்னேன் இல்லையா. 1950-ல் அமெரிக்கா மாநாட்டுக்குப் போற வழியில கெய்ரோ பக்கத்துல விமான விபத்துல போயிட்டார். அது இன்னொரு நாள்.

1944-ல் ரஃபேல் சாலெம் அமெரிக்காவுல வெளியிட்ட கட்டுரையோட தலைப்புலயே 'விஜயராகவன் ஊகத்துக்கு நிரூபணம்'னு இருக்கு. அதே வருஷம் சீகெல், இந்த வகையில மிகச் சின்ன எண் 1.3247-ன்னு காட்டினார்.

இது எதுக்கு உபயோகம்னு கேப்பீங்க. எங்க ஊர் உப்பை வெச்சே சொல்றேன். பாத்தியில தண்ணி இருபத்து நாலு, இருபத்தஞ்சு டிகிரி வந்ததும் உப்பு கட்ட ஆரம்பிக்கும். ஒரு கல்லை எடுத்து லென்ஸ்ல பாருங்க, சின்னச் சின்ன கனசதுரம். படிகம்னா ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப அடுக்கினது, அதனால அஞ்சு மடிப்புச் சமச்சீர் வரவே வராதுன்னுதான் ரொம்ப காலம் பாடம். 1982-ல் ஷெக்ட்மன் அப்படி ஒண்ணைப் பாத்துட்டார், யாரும் நம்பலை, 2011-ல் நோபல் கொடுத்தாங்க. குவாசி படிகம்னு பேர். திரும்ப வராது, ஆனா ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்குக்கான கணிதத்தை அதுக்கு முன்னாடியே ஈவ் மேயர்னு ஒருத்தர் எழுதி வெச்சிருந்தார். அதுல அடிப்படையா வர்ற எண்கள் இந்த பிசோ–விஜயராகவன் எண்கள்தான். பொன்விகிதம் உட்பட.

1946-ல் டாக்காவை விட்டு வால்டேர், ஆந்திரப் பல்கலைக்கழகம். அப்புறம் அழகப்பச் செட்டியார் சென்னையில ராமானுஜன் கணித நிறுவனத்தை ஆரம்பிச்சப்போ, 1950-ல் முதல் இயக்குநர் விஜயராகவன். அஞ்சு வருஷம்தான். 1955 ஏப்ரல் 20-ல் இறந்துட்டார். ஐம்பத்திரண்டு வயசு. ரெண்டு வருஷத்துல செட்டியாரும் போயிட, நிறுவனம் மூடற நிலைமை. வானியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் நேருவுக்கு எழுதி, சென்னைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கிட்டது. சேப்பாக்கத்துல இன்னைக்கும் இருக்கு. பீச்சுக்குப் போறவங்க தாண்டித்தான் போறீங்க.

பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு அந்தக் குறிப்பைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். படிச்சுட்டு, "இது எனக்கு முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டாரா?"ன்னு மூஞ்சி தொங்கிப் போச்சு. பத்து நிமிஷம் கழிச்சு, "சார், எதிர்ம எண் வந்தா என்ன ஆகும்?"னு கேட்டுச்சு. எனக்கு அதுக்கும் பதில் தெரியாது.

பெத்தவங்களைப் போய்ப் பாத்தேன். அம்மா சொன்னது: "சார், நீங்க சொல்றீங்க, சரி. மழை வந்தா மூணு மாசம் அளத்துல வேலை கிடையாது. அந்த மூணு மாசம் யாரு சார் சோறு போடுவாங்க?" நியாயமான கேள்வி. அரியர் பரீட்சை நவம்பர்ல, சரியா மழை மாசத்துல. பேசிப் பேசி, பரீட்சை முடியறவரைக்கும் கம்பெனிக்கு அனுப்பறதில்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் என்னன்னு அவங்களும் சொல்லலை, நானும் கேக்கலை.

ஆனந்த ராவுக்கு எழுதிப் போட ஹார்டி இருந்தார். எனக்கு யாரும் இல்லை, நீங்கதான் இருக்கீங்க. கேக்கறவங்கள்ல கணிதத்துறையில இருக்கறவங்க யாராவது, மாணவிங்களை வந்து உட்காரவிடற மாதிரி வகுப்பு, முகாம் எதுவும் நடந்தா எனக்கு எழுதுங்க. மார்க் ஷீட் கேக்காத இடமா இருந்தா நல்லது. நோட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்.

அடுத்த வாரத்துக்குக் கணக்கு: ரெண்டோட வர்க்கமூலம், கூட ஒண்ணு. 2.41421356. அடுக்கிட்டே போங்க, கூடப்பிறந்தது யாருன்னு கண்டுபிடிச்சு அனுப்புங்க. வர்றேன்.